அந்தத் தம்பியோட கொரலு

உள்ள இருக்கறது உங்க வீட்டம்மாவுங்களா? மொதத் தடவைங்களா? அப்படீன்னா நல்லா சாஞ்சு உக்காருங்க. ஒரு மணி நேரமாவது ஆகும். தலையிலிருந்து பாதம் வரைக்கும் துண்டு துண்டாப் படம் புடிக்கோணும். கதவத் தட்டி இன்னும் எத்தன நேரம்னு மட்டும் கேக்காதீங்க. அந்த நர்ஸம்மா மொறைக்கும். நான் மொதத் தடவ வந்தப்ப நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவன்.

ஒண்ணு சொல்றனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க வீட்டம்மா வெளிய வந்ததும் மொத வார்த்தையா என்ன சொல்றாங்கன்னு காது குடுத்துக் கேளுங்க. உங்களப் பாத்து சாப்பிட்டீங்களான்னு கேக்க மாட்டாங்க. "அந்தத் தம்பி எவ்வளவு பதனமாப் பேசுச்சு"ம்பாங்க. உங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாம இருக்கலாம். என்னைய ஒன்றரை வருசமா அரிச்சுக்கிட்டு இருக்குதுங்க.

என்ற பேரு நாச்சிமுத்து. சோமனூருக்குப் பக்கம், பன்னெண்டு விசைத்தறி ஓடுது. என்ற சம்சாரம் பேரு துளசிமணி. மேல மாடியில ரத்தம் குடுக்கப் போயிருக்கறா, மக கூடப் போயிருக்குது. உங்க வீட்டம்மாவுக்கு அடுத்தது அவதான். மூணாவது ஸ்கேன் இது.

மொதல்ல முதுகு வலின்னுதான் சொன்னா. தறியில நிக்கறவங்களுக்கு முதுகு வலிக்காம என்ன பண்ணும்? தைலம் தேச்சோம், பெல்ட்டு கட்டுனோம். ஆறு மாசம் போச்சு. அப்புறம் மாடிப்படி ஏற முடியாம மூச்சு வாங்குச்சு. ரத்தத்தப் பாத்துட்டு இங்க அனுப்பிச்சாங்க. இங்க பெரிய டாக்டரம்மா உக்கார வெச்சுச் சொன்னாங்க, எலும்பு மஜ்ஜையில வர்ற புத்துநோயாம், மைலோமாங்கறாங்க. அது ஒரு எடத்துல இருக்காதாம். முதுகுல கொஞ்சம், இடுப்புல கொஞ்சம், மண்டையோட்டுலயும் இருக்கலாமாம். எக்ஸ்ரேயில எலும்பு நல்லா அரிச்ச பொறகுதான் தெரியுமாம். இந்த முழு ஒடம்பு ஸ்கேன்ல மஜ்ஜைக்குள்ளயே பாத்துரலாமாம். அவளுக்குக் கிட்னி வேற சோந்து போயிருந்துச்சு. இதுக்கு ஊசி மருந்து எதுவும் ஏத்த வேண்டியதில்ல, அதனால இதையே பண்ணிரலாம்னாங்க. செரின்னு தலையாட்டிட்டு வந்தோம். எனக்கு அப்பப் பாதி காதுல ஏறல. 

மொத ஸ்கேனுக்கு வந்தோம். தோடு, மூக்குத்தி, மெட்டி, எல்லாத்தையும் கழட்டச் சொன்னாங்க. தாலிக்கொடியக் கழட்டி என்ற கையிலதான் குடுத்தா. கழுத்துல மஞ்சக் கயிறக் கட்டிக்கிட்டு உள்ள போனா. அதுவரைக்கும் நாந்தான் புருசன். கதவச் சாத்துன பொறகு எல்லாம் அந்தத் தம்பி ராச்சியம்.

வெளிய வந்தா பாருங்க. நான் இங்க, இதே நாற்காலியில, தாலிக்கொடியப் பையில வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா உசுரப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்திரிச்சு ஓடுனேன். "பயமா இருந்துச்சா புள்ள"ன்னு கேக்க வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவ சொல்றா, "ஏனுங்க, அந்தத் தம்பி மட்டும் இல்லீன்னா நான் பாதியிலயே எந்திரிச்சு ஓடியிருப்பனுங்க."

எந்தத் தம்பின்னேன்.

அப்பச் சொல்றா. உள்ள போனதும் குகையாட்ட ஒரு ஓட்டைக்குள்ள தள்ளுவாங்களாம். தலைக்கு மேல கூண்டாட்ட ஒண்ணு. வயித்து மேல, கால் மேல எல்லாம் பாயாட்ட எதையோ போத்தி வாரு போட்டுருவாங்களாம். கையில ஒரு ரப்பர் உருண்டையக் குடுத்து, முடியலீன்னா இத அமுக்குங்கன்னு சொல்வாங்களாம். காதுல ஒண்ணு மாட்டி விடுவாங்களாம், அதுல, மெசின ஓட்டற இவன் பேசுவானாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்க வெச்சுக்கிட்டு. "அம்மா, இப்ப நாலு நிமிசம் சத்தம் வரும். அசையாமப் படுத்துக்கங்க. நான் இங்கதான் இருக்கேன். உங்களப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

நீங்களே சொல்லுங்க. அடுத்தவன் சம்சாரத்துகிட்ட, பாத்துக்கிட்டே இருக்கேன்னு சொல்றது என்ன பேச்சுங்க அது?

சத்தத்துக்கு அவ பயப்படலீங்க. டக்கு டக்குன்னு அடிக்கறதுல எங்க தறி கணக்காத்தான் இருந்துச்சுன்னா. முப்பது வருசமாத் தறிக்குள்ளயே கெடக்கறவ. அசையாமப் படுத்துக் கெடக்கறதுதான் அவளுக்கு ஆகல. தனியா இருக்கோமேன்னு நெஞ்சு அடைச்சுதாம். அப்பெல்லாம் இந்தத் தம்பி வந்து பேசுமாம். "மூச்ச இழுங்கம்மா... புடிச்சுக்கங்க... விடுங்கம்மா. அருமை"ன்னு சொல்லுமாம். அருமை! நான் அவளப் பாத்து ஒரு நாளும் அருமைன்னு சொன்னதில்லீங்க. எங்க பக்கம் யாரும் சொல்றதில்ல. நல்லா இருந்தா சும்மா இருப்போம், நல்லா இல்லீன்னாத்தான் பேசுவோம்.

அன்னைக்குப் புடிச்சதுங்க சனி. வாரா வாரம் வயித்துல ஊசி. நாந்தான் கார் ஓட்டி கூட்டிட்டு வர்றது. வெந்நி வெச்சுக் குடுக்கறது நான். கஞ்சி காச்சறது நான். வாந்தி எடுத்தாச் சட்டியப் புடிக்கறது நான். படுக்கற ரூம்புக்கு ஒட்டுன நாலு தறியையும் நிறுத்திப்போட்டேன், சித்த தூங்கட்டும்னு. அதுக்கும் ஒரு குத்தம். "ஏன் நிறுத்துனீங்க, ஓட்டுங்க, சத்தமில்லாமத் தூக்கமே வர மாட்டேங்குது"ன்னா. ஓட்டுனேன். இவ்வளவும் பண்றவன் பேரு அவ வாயில வர்றதில்ல. ஊசி போடறப்ப கண்ண மூடிக்கிட்டு முணுமுணுக்கறா, "மூச்ச இழுங்கம்மா, புடிச்சுக்கங்க, விடுங்கம்மா"ன்னு. அவன் சொன்ன அதே ராகத்துல. நான் பக்கத்துல நின்னு கையப் புடிச்சுக்கிட்டு இருக்கறேன். கையி என்ற கையில, காதுல அவன் கொரலு. எப்படி இருக்கும் பாருங்க எனக்கு.

பொறாமைன்னு நெனைப்பீங்க. ஆமாங்க, பொறாமைதான். அறுவது வயசுல வந்துச்சு. ஒறம்பரை வந்து நோயப் பத்திக் கேட்டாங்கன்னா, ஊசியப் பத்தி ஒரு நிமிசம் சொல்வா, அந்தத் தம்பியப் பத்தி அரை மணி நேரம் சொல்வா. என்ற மச்சினன், அதான் அவ தம்பி, அவனே ஒருக்கா மொகத்தச் சுளிச்சான். "நான் கூடப் பொறந்த தம்பி இங்க உக்காந்திருக்கறேன், நீ யாரையோ தம்பி தம்பிங்கறயே"ன்னு கேட்டுட்டான். அன்னைக்கு அவனுக்கு நானே எலை போட்டுச் சோறு வெச்சேன்.

ஆளு எப்படி இருப்பான்னு பாத்துரோணும்னு எனக்கு ஒரே வெறி. ஒரு நா ரிப்போர்ட்டு வாங்க வந்தப்ப, கேன்டீன்ல போயி நர்ஸம்மாகிட்டக் கேட்டேன். கை காட்டுச்சு. பாத்தா, நாப்பது வயசுங்க. முன் மண்டையில முடியே இல்ல. தொப்ப. டிபன் டப்பா மூடியில எலுமிச்சஞ்சோத்தப் போட்டுத் தின்னுக்கிட்டு இருக்கறான். சட்டையில பேரு எழுதியிருந்துச்சு, எட்வின்னு. நாரோயில் பக்கமாம். இந்த மூஞ்சிக்கான்னு இருந்துச்சு எனக்கு. வீட்டுக்குப் போனதும் சொன்னேன், "உன்ற தம்பியப் பாத்தேன், மண்டையில ஒரு முடி இல்ல"ன்னு. "பாவம், ஏசியிலயே உக்காந்திருந்தா முடி கொட்டத்தான் செய்யும்"ங்கறா. எனக்கு மண்ட காஞ்சு போச்சு.

ஆறு மாசம் கழிச்சு ரெண்டாவது ஸ்கேன். மருந்து கேட்டிருக்குதான்னு பாக்கறதுக்கு. வேற எடத்துல எடுத்துக்கலாம், திருப்பூர்லயே மெசின் வந்திருக்குதுன்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிப் பாத்தேன். முடியாதுன்னுட்டாங்க. பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கோணுமாம், மெசின் மாறுனா செரியா வராதாம். இத வெச்சுத்தான் அடுத்த மருத்துவம் என்னன்னு முடிவு பண்ணோணும்னாங்க. அதுக்கு மேல நான் என்ன பேசறது?

ஸ்கேனுக்கு மொத நாளு அவ முறுக்குச் சுட்டா. யாருக்கு? அவனுக்கு. அஞ்சு நிமிசம் சேந்தாப்ல நிக்க முடியாதவ, அடுப்புக்கிட்ட நின்னு தேங்காப்பால் முறுக்குச் சுடறா. எனக்குச் சுட்டு எத்தன மாசமாச்சுன்னு நெனைக்கறீங்க? காலையில தலைக்கு மல்லியப்பூ வேற. உள்ள போறப்ப ஊக்கு வரைக்கும் கழட்டச் சொல்றாங்க, பூ எதுக்குங்க? வர்ற வழியில கார ஓட்டிக்கிட்டே பாதி முறுக்க நான் தின்னுபோட்டேன். பசியே இல்லீங்க எனக்கு.

அன்னைக்கு ஒரு முடிவோட வந்தேன். நேரா அவங்கிட்டப் போனேன். "தம்பி, என்ற சம்சாரத்துக்குப் பயம் எச்சு. நான் உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன்"னேன். வழக்கமா விட மாட்டாங்களாம். அவன் சித்த ரோசனை பண்ணிட்டு, செரி வாங்கய்யான்னு உள்ள கூட்டிட்டுப் போயி கண்ணாடிகிட்ட உக்கார வெச்சான். செல்போனு, சாவி, பெல்ட்டு எல்லாம் வெளிய. அந்தப் பக்கம் அவ பாதம் மட்டும் தெரியுது. சத்தம் ஆரம்பிச்சுது. ஒரு படம் முடிஞ்சதும் அவனாவே சொன்னான், "ஐயா, நீங்களே ரெண்டு வார்த்தை பேசுங்க, அம்மாவுக்குத் தெம்பா இருக்கும்." மைக்க என்ற பக்கம் நகத்துனான்.

பத்து நாளா மனசுக்குள்ள எழுதி வெச்சிருந்தனுங்க. அவன விட நல்லாப் பேசிரோணும்னு. தோட்டத்துப் பக்கம் போயி வாய்விட்டுச் சொல்லிக்கூடப் பாத்தேன். கொரல எறக்கி, மெல்லமா, தேனாட்டச் சொன்னேன்.

"துளசி... பயப்படாத கண்ணு. நான் இருக்கறேன்."

சொல்லி வாய மூடல. கீங் கீங்னு மணி அடிக்குது. ரப்பர் உருண்டைய அமுக்கிட்டா. பாதம் ரெண்டும் அப்படி ஒதறுது. எட்வின் ஓடறான், நான் பின்னால ஓடறேன். வெளிய இழுத்தா மொகமெல்லாம் கண்ணீரு. என்ற கையப் புடிச்சுக்கிட்டுக் கேக்கறா, "ஏனுங்க, எங்கிட்ட மறைக்காதீங்க. என்ன சொல்லிட்டாங்க? எத்தன மாசமாம்?"

யாரு என்ன சொன்னாங்கன்னேன்.

"பின்ன எதுக்குப் பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க? முப்பத்தோரு வருசத்துல ஒருக்கா பேரச் சொல்லியிருக்கறீங்களா? எங்கப்பா செத்த அன்னைக்குத் தறிய நிறுத்திப்போட்டு வந்து மெல்லமா 'துளசி'ன்னீங்க. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் அந்தக் கொரலக் கேக்கறேன்."

நெசந்தானுங்க. உங்களுக்கு எங்க பொழப்பு தெரியுமான்னு தெரியல. பன்னெண்டு தறி ஓடற எடத்துல மெல்லப் பேச முடியாது. நூலு அந்து போச்சுன்னாலும் கத்தோணும், சோறு வெச்சிருக்குதுன்னாலும் கத்தோணும். புருசன் பொண்டாட்டி பேசறது தெருவுக்கே கேக்கும். தறிய நிறுத்திட்டு ஒருத்தர் மெல்லப் பேசறாங்கன்னா அது எழவுச் சேதிதான். அவ அப்படி நெனைச்சுக்கிட்டா. நான் பத்து நாளா ஒத்திகை பாத்துட்டு வந்து, அவ சாவுச் சேதிய அவளுக்கே சொல்லியிருக்கறேன்.

அதுக்கப்புறம் படுக்கவே மாட்டேங்கறா. எட்வின் வந்து, "அம்மா, அப்படி ஒண்ணும் இல்லம்மா, நான் சொல்றேன்ல"ன்னு அவன் ராகத்துல பேசுனான். அவ அவனையும் நம்பல. "தம்பி, நீங்களும் அவரோட சேந்துக்கிட்டு மறைக்கறீங்க"ன்னுட்டா. சொல்லக் கூடாதுங்க, ஆனாலும் சொல்றேன். அந்த நேரத்துலயும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். அப்பாடா, இவன் பேச்சும் எடுபடலன்னு. அது ஒரு நிமிசந்தான். அவ எந்திரிச்சு, ஆஸ்பத்திரி அங்கியக் கழட்டிட்டுச் சேலையக் கட்டப் போறா. படம் இல்லீன்னா டாக்டரம்மா என்னத்த வெச்சு மருந்து முடிவு பண்ணுவாங்க? மருந்து கேட்டுச்சா, உள்ள இன்னும் வேற எங்காவது பரவிக்கிட்டு இருக்குதான்னு யாருக்குத் தெரியும்?

எனக்கு வந்துச்சுங்க ஒரு கோவம். எடம், ஆளு எதுவும் தெரியல. தறிக்குள்ள கத்தற கத்து கத்துனேன். "ஏபுள்ள! படுக்கறயா இல்லியா? அங்க பாவு நூலு தீந்து நாலு தறி நிக்குது, இங்க உன்ற கூத்தப் பாத்துக்கிட்டு நான் நிக்கோணுமா? முறுக்குச் சுடறதுக்கு நாலு மணி நேரம் நிக்க முடியுது, ஒரு மணி நேரம் சும்மா படுக்க முடியாதா உனக்கு? இதுல பூ ஒரு கேடு!"

நர்ஸம்மா ஓடி வந்துருச்சு. எட்வின் என்ற தோளப் புடிச்சுக்கிட்டான். அவ அப்படியே நின்னா. என்ற மூஞ்சியப் பாத்தா. கண்ணத் தொடச்சுக்கிட்டா.

"அப்ப நெசமாவே ஒண்ணும் இல்லீங்களா?"

"ஒரு மண்ணும் இல்ல. போயிப் படு!"

போயிப் படுத்துக்கிட்டா. மூச்சு சீராயிருச்சாம், அவன் அங்க கம்ப்யூட்டர் பொட்டியில பாத்துச் சொன்னான். சொல்லிட்டு மைக்க மறுபடியும் என்ற பக்கம் தள்ளிட்டு, "ஐயா, ஒவ்வொரு படத்துக்கும் நடுவுல இப்படியே திட்டிக்கிட்டு இருங்க"ன்னான். சிரிக்கலீங்க அவன். எனக்குத்தான் மானம் போச்சு. அப்புறம் என்ன பண்றது, திட்டுனேன். மோட்டாரு நிறுத்தாமத் தொட்டி நெறஞ்சு ஒழுகுனது, கல்யாணத்துக்குப் போறப்ப வண்டியில அரை மணி நேரம் என்னையக் காக்க வெச்சது, அவ தம்பி என்ற டார்ச் லைட்ட எடுத்துட்டுப் போயித் திருப்பிக் குடுக்காதது, எல்லாத்தையும். ஒரு மணி நேரம். ஒரு வெரலக்கூட ஆட்டாமப் படுத்திருந்தா.

படம் நல்லா வந்துச்சுங்க. முதுகுலயும் இடுப்புலயும் இருந்த பொட்டெல்லாம் முக்காவாசி மங்கிப் போச்சுன்னாங்க டாக்டரம்மா. அந்தப் படத்தப் பாத்து எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

ஆனா அன்னைக்கு வெளிய வந்ததும் என்ன பண்ணுனா தெரியுங்களா? அவங்கிட்டப் போயி முறுக்கக் குடுத்து, "பாதிதான் இருக்குது, தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி"ன்னா. கும்புட்டா. எனக்கு ஒண்ணும் கெடையாது. கார்ல ஏறி உக்காந்ததும் பொறுக்க முடியாமக் கேட்டே போட்டேன். "ஏபுள்ள, அவன் பேசுனது நல்லா இருந்துச்சா, நான் பேசுனது நல்லா இருந்துச்சா?" அவ கண்ண மூடிக்கிட்டே சொன்னா, "அந்தத் தம்பி வர்றவங்க எல்லாருகிட்டயும் அப்படித்தான பேசுது." சொல்லிட்டு என்ற தோள்ல சாஞ்சு ஊரு வர்ற வரைக்கும் தூங்கிட்டா. பாருங்க, நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லல. அவன் பேச்சத்தான் பேசுனா.

அதோ, உங்க வீட்டம்மா வர்றாங்க. போயிக் கையப் புடிச்சுக்கங்க, படியில சித்த தலை சுத்தும். என்றவளும் மேல இருந்து எறங்கிட்டா, ரோசாப்பூச் சேல கட்டியிருக்கறாளே, அவதான். நான் உள்ள வந்தாத்தான் படுப்பேன்னு காலையிலயே சொல்லிப்போட்டா. எட்வினும் கதவத் தொறந்து என்னையத்தான் பாக்கறான்.

எனக்குத்தான் வெசனமா இருக்குதுங்க. பத்து நாளா ரோசனை பண்ணிப் பாத்துட்டேன், ஒரு மணி நேரத்துக்குத் திட்டறதுக்கு விசயம் தேற மாட்டேங்குது. இருந்ததெல்லாம் போன தடவயே தீந்து போச்சு. அவ தப்புத் தண்டா பண்றவளும் இல்லீங்க. வலிக்குதுன்னுகூட வாயத் தொறக்காதவ, அவள என்னன்னு திட்டறது? பொய்யாத் திட்டுனா ஒரே வார்த்தையில கண்டுபுடிச்சுருவா, அப்புறம் மணிய அமுக்கிருவா. நெசமாவே கோவம் வரோணும். எனக்கு நெசமாக் கோவம் வர்றது இப்ப ஒரே ஒரு ஆளு மேலதான். அவனப் பத்தியே ஆரம்பிச்சுர்றேன். பக்கத்துலதான் உக்காந்திருப்பான், கேக்கட்டும்.